மெஹராஜ் ராத்தாவின் கேசட்

எங்கள் தெருவில் கேசட்டின் மேல் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். எழுத்து இருந்தால் சவூதி ஏர்போர்ட்டில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ என்றைக்கோ சொல்லிவிட்டுப் போனதை அதிராம்பட்டினமே நம்பியது. எழுதி என்ன பிரயோஜனம் என்பதும் உண்டு. இங்கே பேசிப் பதிந்த கேசட் ஊருக்கு வந்து திரும்புகிறவர் பெட்டியில் தம்மாமுக்குப் போகும். அங்கே கேட்டுவிட்டு அதன் மேலேயே பதில் பேசி அனுப்புவார்கள். இங்கே கேட்டுவிட்டு மறுபடி அதன் மேல் பேசுவோம். இரண்டு வருடத்தில் ஒரே கேசட்டில் ஒரு குடும்பமே பேசிப் பேசி அழிந்திருக்கும்.

பெயர் எழுதாத இந்தப் பழக்கத்தால் 1997இல் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அந்த முட்டாள்தனத்தை வைத்துத்தான் இன்றுவரை பிழைக்கிறேன். ரேடியோவில் இருபத்துச் சொச்சம் வருடம் ஓட்டிவிட்ட பிறகும், அதில் சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கு நான் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. நேரில் சொல்லப் போனால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். சென்னையில் ஒரு கல்லூரியில் ஊடகமும் தகவல் தொடர்பும் சொல்லித் தருகிறார்கள் என்று பேப்பரில் பார்த்து, யாரையும் கேட்காமல் விண்ணப்பம் போட்டேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபோதுதான் வீட்டுக்கே தெரியும். உம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. வாப்பா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

வாப்பா லியாகத் அலிக்குப் பஸ் ஸ்டாண்ட் அருகே ஃபாரின் சாமான் கடை. ஒரு காலத்தில் கல்யாண சீர் வாங்கப் பட்டுக்கோட்டையிலிருந்தெல்லாம் வருவார்கள். பிறகு நாட்டின் கதவைத் திறந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டார்கள். கதவு எந்தப் பக்கம் திறந்ததோ, வாப்பாவின் கடைப் பக்கம் ஆள் வருவது நின்றுபோனது. மன்னார்குடி மளிகைக் கடையிலேயே அந்த சோப்பும் அந்த சென்ட்டும் தொங்கும்போது, அதிராம்பட்டினம் வரை யார் பஸ் ஏறி வரப்போகிறார்கள்?

அந்தக் கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் வேறு மாதிரி யோசித்திருந்தார்.

"எந்தத் தொழில் நிக்கும், எது போகும்னு எனக்கே தெரியல. உன்னை என்ன சொல்லித் தடுக்கிறது? போய்ப் பாரு. ஒரே ஒரு தடவைதான். இடம் கிடைக்கலன்னா முத்துப்பேட்டைக்காரங்க பொண்ணு பார்க்க வருவாங்க. அப்ப முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கக்கூடாது."

சரி என்றேன். முத்துப்பேட்டைக்காரர்களின் பையன் துபாயில் சூப்பர் மார்க்கெட்டில் இருந்தான். நல்லவனாகவே இருந்திருப்பான். ஆனால் எனக்கு அந்த இடம் வேண்டும். அந்த வயதில் சோறு தண்ணீர் மாதிரி அது வேண்டியிருந்தது. எனக்கு ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தார்கள், ஜூன் இருபது.

அழைப்புக் கடிதத்தில் இரண்டு குறிப்புகள் இருந்தன. சொந்தப் படைப்பு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கொடுத்த படைப்பு திருப்பித் தரப்படமாட்டாது. படைப்பு என்றதும் நான் 'பெண் கல்வி' என்று ஆறு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி, ஓரத்தில் பச்சை மையால் கோடு போட்டு வைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

நேர்முகத்துக்குத் தயாராவதற்கு வாப்பா தஞ்சாவூரிலிருந்து ஒரு கைடு வாங்கி வந்தார். ஐம்பது கேள்வி, ஐம்பது பதில், எல்லாம் இங்கிலீஷ். பாங்க் வேலைக்குப் போகிறவர்களுக்கான கைடு என்று பத்தாம் பக்கத்தில்தான் தெரிந்தது. பரவாயில்லை என்று பாங்க் வருகிற இடத்திலெல்லாம் மீடியா என்று மாற்றிக்கொண்டேன். கடையில் விற்காமல் வீட்டுக்கு வந்துவிட்ட டேப் ரெக்கார்டரை முன்னால் வைத்து, சிவப்பு விளக்கு எரிய எரியப் பேசிப் பழகினேன். குட் மார்னிங் சார், மை நேம் ஈஸ் ஷமீரா. பிறகு என் உச்சக்கட்ட வசனம். எங்கள் ஊரில் பெண்களுக்குக் குரல் இல்லை, குரலற்றவர்களின் குரலாக இருப்பதே என் லட்சியம். கைடில் கடைசிப் பக்கத்தில் கனமான எழுத்தில் இருந்தது அது. அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவேன்.

அந்த டேப் ரெக்கார்டருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தெருவில் பாதிப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்துதான் தம்மாமுக்கும் ஜித்தாவுக்கும் பேசிப் பதிந்து போவார்கள். விளக்கு எரிந்ததும் அவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சலாம் சொல்லி, நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல் என்று கடிதம் படிப்பதுபோல் ஒப்பித்துவிட்டு, போதும் நிறுத்து என்று கை காட்டுவார்கள். எனக்குப் பொறுக்காது. நானே பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது கேட்பேன். இன்னைக்கு என்ன மீன் வாங்குனீங்க? என்ன விலை சொன்னான்? அவனை என்ன சொல்லித் திட்டுனீங்க? திட்டிய கதைக்கு வந்துவிட்டால் அப்புறம் அவர்களை நிறுத்த முடியாது.

எனக்கு அக்கா முறையான அடுத்த வீட்டு மெஹராஜ் ராத்தாதான் என்னிடம் அதிகம் வருகிறவர். மெஹராஜ் பேகம் என்று முழுப் பெயர். கணவர் ஃபாஜில் மச்சான் தம்மாமில் ஏசி மெக்கானிக். ராத்தா நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது விமானம் ஏறியவர், மகள் நஸ்ரினை ஃபோட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

மே மாதம் நஸ்ரினுக்குப் பத்து மாதம். ராத்தா ஒரு பக்கம் முழுக்கப் பேசினார். முடிகிற சமயம் நான் மச்சானின் ஃபோட்டோவைக் குழந்தை முன்னால் காட்டி, இது யாரு, இது யாரு என்று விடாமல் கேட்டேன். அது மைக்கைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. பிறகு ஃபோட்டோவின் மேல் உள்ளங்கையால் ஓர் அடி போட்டு, "வாப்பா" என்றது. முதல் தடவை. ராத்தா பிள்ளையைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டார். அதோடு டேப்பும் முடிந்து பட்டன் தானாக எகிறியது.

மறுநாள் மாலை தம்மாம் போகிற, தெருவுக்கே அண்ணன் முறையான மீரா உசேன் காக்காவிடம் அதைக் கொடுப்பதாக ஏற்பாடு. காக்காவின் வேன் காலையிலேயே வந்துவிட்டது. ராத்தா குளித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஹார்ன் அடிக்கிறார்கள், உம்மா சத்தம் போடுகிறார், நான் டேப் ரெக்கார்டர் பக்கத்திலிருந்த கேசட்டை எடுத்துத் துணியில் சுற்றி, அவசரமாக நாலு தையல் போட்டு, ஊறுகாய் பாட்டிலோடு காக்கா கையில் திணித்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு உள்ளே வந்து, மீதியிருந்த கேசட்டை மெஷினில் போட்டு, குட் மார்னிங் சார் என்று ஆரம்பித்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஜூன் பத்தாம் தேதி வாக்கில் ஃபாஜில் மச்சானின் பதில் வந்தது. ராத்தா நஸ்ரினை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். குழந்தை பேசியதற்கு மச்சான் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் ஆசை. பட்டனை அழுத்தினேன்.

மச்சான் சலாம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, வழக்கம்போல வாக்மேனை எடுத்துக்கொண்டு தனியாக மொட்டை மாடிக்குப் போனாராம். குட் மார்னிங் சார் என்று வந்ததும், மெஹராஜ் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தாராம். புரியாமல் கீழே வந்து அறையிலிருந்த ஏழு பேரையும் கூட்டி வைத்துக் கேட்டார்களாம். மன்னார்குடிப் பக்கத்து இராஜாங்கம் அண்ணன் ஒரு கருத்து சொன்னதாகவும், அதைச் சொல்லிவிடும்படி அவர் சொன்னதாகவும் மச்சான் சொன்னார்.

"ஷமீரா, தப்பா எடுத்துக்காதம்மா. இங்கிலீஷ் பிரமாதம்தான். ஆனா இது எங்களுக்குத் தெரிஞ்ச புள்ள இல்லன்னு இராஜாங்கம் சொல்றாரு. போன ஐப்பசியில ஜன்னலுக்கு வெளியே மைக்கைப் புடிச்சு மழை பெய்யிற சத்தத்தைக் கேக்க வச்சியே, அதை இந்த ரூம்ல எல்லாரும் வாங்கிக் கேட்டோம். எங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட என்ன கேக்கணும்னு எங்களுக்கே தெரியாது, அந்தப் புள்ளைக்குத் தெரியும், அவ எங்க போயிட்டான்னு கேக்குறாரு."

பிறகு அவர் குரல் மாறியது. மெஹராஜ் பேசியது எங்கே, பிள்ளை எதுவும் பேசுகிறதா, அந்தக் கேசட்டை அடுத்து வருகிற ஆளிடம் மறக்காமல் அனுப்புங்கள் என்றார்.

கேசட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேசட் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மூன்று வாரமாகத் தினமும் அதன் தலையிலிருந்து ஆரம்பித்து அதன் மேல்தான் பேசிக்கொண்டிருந்தேன். நான் மறைக்க நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரை நிமிடம் நினைத்தேன். ராத்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

ராத்தா குழந்தையைப் பாயில் விட்டார். போடு என்று மட்டும் சொன்னார்.

போட்டேன். என் குரல் வந்தது. மை நேம் ஈஸ் ஷமீரா. ஐ யாம் எ ஹார்ட் ஒர்க்கிங் பர்சன். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அத்தனை நேரமும் அடியில் ராத்தாவின் பேச்சு இருந்த இடம் அது. நான் உச்சக்கட்ட வசனத்துக்கு வந்து குரலைத் தாழ்த்தினேன். என்ன சொல்ற, தமிழ்ல சொல்லு என்றார் ராத்தா. வேறு வழியில்லாமல் சொன்னேன். நம்ம ஊர்ப் பெண்களுக்குக் குரல் இல்லை, அவர்களுக்காக நான் பேசுவேன்.

ராத்தா டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேட்டபோது அதில் குத்தல் எதுவும் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள நினைத்தவர்போல்தான் கேட்டார்.

"யாருக்குப் புள்ள குரல் இல்ல?"

நான் அழ ஆரம்பித்தேன். டேப் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தேங்க் யூ சார் என்றேன் அதில். டக் என்று ஒரு சத்தம். உடனே நடு வாக்கியத்திலிருந்து ராத்தாவின் குரல் கிளம்பியது. கொடுவாய் மீனுக்கு இந்த விலையா, உங்க வாப்பா கடல்ல இறங்கிப் புடிச்சாரான்னு கேட்டேன் என்றது. பின்னாலிருந்து நான் சிரிக்கிறேன். அப்புறம் என்ன சொன்னான் ராத்தா என்கிறேன். எந்த நாளும் நான் இருபது நிமிடத்துக்கு மேல் பயிற்சி செய்யவில்லை. கைடில் ஐம்பது பதில் இருந்தும் எனக்கு அவ்வளவுதான் பொறுமை. என் வாழ்க்கையில் என் சோம்பேறித்தனத்துக்கு அல்லாஹ்விடம் நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கடைசி வரை கேட்டோம். இது யாரு, இது யாரு. உள்ளங்கை அடி. வாப்பா.

பாயிலிருந்த நஸ்ரின் தன் குரலைத் தானே கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தார்.

"நான் பேசுனதை நான் திரும்பப் பேசிக்குவேன். இவ சொன்னது திரும்ப வராது. அது இருக்குல்ல, போதும். எழுந்து மூஞ்சியக் கழுவு."

அன்று இரவு ஆறு பக்கக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். பச்சை மைக் கோட்டைத் தவிர என்னுடையது என்று அதில் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை ராத்தாவிடம் போய், அந்தக் கேசட்டைச் சென்னைக்கு எடுத்துப் போகட்டுமா, அவர்களுக்குப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. அழித்தவளே வந்து கடன் கேட்பதுபோல. ராத்தா கொஞ்சம் யோசித்தார். அதில் புருஷன் பெண்டாட்டி பேச்சு எதுவும் இல்லை, மீன் கதைதானே என்றார். "கேக்கட்டும். கேட்டுட்டுக் கையோட வாங்கிட்டு வந்துடு. இருபத்தஞ்சாம் தேதி ஆள் போகுது."

கம்பன் எக்ஸ்பிரஸில் வாப்பாவும் நானும் போனோம். கேசட்டைத் துணியில் தைத்து மடியிலேயே வைத்திருந்தேன். கல்லூரி வராந்தாவில் மற்றப் பிள்ளைகள் ஃபோட்டோ ஆல்பமும் வீடியோ கேசட்டும் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். வாப்பா அவர்களைப் பார்த்துவிட்டு, முத்துப்பேட்டைக்காரங்க நல்ல குடும்பம்தான் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

உள்ளே மூன்று பேர். இரண்டு ஆண்கள், நடுவில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். குட் மார்னிங் சார் என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். தமிழில் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்க என்றார் மேடம். தையலைப் பிரித்துக் கேசட்டை மேஜைமேல் வைத்து, கேசட் எப்படிப் போகும், எப்படி வரும், நான் எதை எதன் மேல் பதிந்தேன் என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

போட்டுக் கேட்டார்கள். என் இங்கிலீஷுக்கு இடது பக்கத்து சார் சிரிப்பை அடக்கினார். குரலற்றவர்களின் குரல் வந்தபோது மேடம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆகிறதென்று டேப்பை வேகமாக முன்னால் ஓட்டப் போனார் வலது பக்கத்து சார். வேண்டாம், அந்தப் பொண்ணு எவ்வளவு நேரத்தை அழிச்சுதோ அவ்வளவு நேரம் கேட்போம் என்றார் மேடம். டக் சத்தம் வந்தது. ராத்தா மீன்காரனைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள். வாப்பா என்று குழந்தை சொல்லிப் பட்டன் எகிறிய பிறகும் யாரும் கையை நீட்டி எதையும் எடுக்கவில்லை.

பின்னாலிருந்து கேட்பது யார் என்று மேடம் கேட்டார். நான்தான் என்றேன்.

சரி, இதை ஃபைலில் சேர்த்துவிடுகிறோம் என்று வலது பக்கத்து சார் கேசட்டை எடுத்தார். திருப்பித் தர மாட்டோம் என்ற குறிப்பு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இல்லை சார், அது தம்மாம் போக வேண்டியது என்றேன். படைப்பு இல்லாமல் விண்ணப்பம் முழுமையாகாது, விதி அப்படி என்றார் அவர். இடது பக்கத்து சார் நல்ல மனிதர், ஒரு வழி சொன்னார். பக்கத்து அறையில் பிரதி எடுத்துக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை.

என் ஒரு நாள் அது. வெளியே வாப்பா உட்கார்ந்திருக்கிறார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு முறை கேட்காமல் அந்தப் பேச்சின் மேல் கை வைத்தவள் நான்.

"நீங்க கேக்கலாமான்னுதான் ராத்தாகிட்ட கேட்டேன் சார். வச்சுக்கலாமான்னு கேக்கல. கேட்டுட்டுக் கையோட வாங்கிட்டு வரச் சொன்னாங்க. படைப்பு இல்லன்னு எழுதிக்குங்க."

கேசட்டை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். மேடம் ஏதோ எழுதினார். வெளியே வந்ததும் வாப்பா என்னம்மா என்றார். கேசட்டைக் கொடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் வாப்பா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அது நம்ம சாமான் இல்லையே, எப்படிக் கொடுக்க முடியும் என்றார். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும் வரை முத்துப்பேட்டைப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அவருக்கும் அன்றைக்கே நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

இருபத்தைந்தாம் தேதி கேசட் தம்மாம் போனது, ராத்தா கண் முன்னால் தைத்துக் கொடுத்தேன். ஜூலை முதல் வாரம் கல்லூரியிலிருந்து கவர் வந்தது. இடம் கிடைத்திருந்தது. படைப்பு என்ற கட்டத்தில், கேட்டோம் என்று பேனாவால் எழுதியிருந்தது. உம்மா அழுதுகொண்டே இனிப்பு ரவா காய்ச்சினார், ராத்தா அதைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நான் சென்னைக்குக் கிளம்புகிற வாரம் தம்மாமிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே உறை பிரிக்காத பத்துப் புதுக் கேசட்டுகள், என் பெயருக்கு. இராஜாங்கம் அண்ணனும் அறையில் மற்றவர்களும் சேர்ந்து வாங்கியதாம். ராத்தாவுக்கு மச்சான் பேசியதும் புதுக் கேசட்டில்தான் இருந்தது. பழையது எங்கே என்று ராத்தா பார்சலை உதறித் தேடினார். வந்ததை மெஷினில் போட்டுக் கேட்டோம். கடைசியில் மச்சான் சொன்னார்.

"அதைத் திருப்பி அனுப்பல மெஹராஜ். இனிமே அது மேல யாரும் பேச வேண்டாம்."